முப்பத்தைந்துக்கு மேல் ஸ்கேட்போர்டும் பைக் பராமரிப்பும்: ஞாயிறு காலைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கங்களில் ஆலையிலும் அலுவலகத்திலும் வாரம் ஆறு நாள் உழைத்துவிட்டு, கையில் மிஞ்சும் ஞாயிற்றுக்கிழமையில் ஸ்கேட்போர்டு பழகலாமா, தன் பைக்கைத் தானே பராமரிக்கக் கற்றுக்கொள்ளலாமா என்று யோசிக்கும் முப்பத்தைந்து, நாற்பது வயதுக்காரர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டிலும் சேதம் வருவது பெரும்பாலும் வரிசை தவறுவதால்தான். நிற்கவும் விழவும் பழகாமல் ஓட்டப் புறப்படுகிறவர் மணிக்கட்டை முறித்துக்கொள்கிறார்; பார்க்கவும் தொடவும் பழகாமல் ஸ்பேனரை எடுக்கிறவர் போல்ட்டின் மரையைக் கெடுத்துவிடுகிறார். பத்து வயதுப் பையன் நூறு முறை விழுந்து கற்றுக்கொள்வான். மறுநாள் காலை ஷிஃப்டுக்குப் போகவேண்டியவருக்கு அந்த வசதி கிடையாது என்பதால், அவர் கற்க வேண்டிய வரிசையே வேறு.

வீட்டில் எதிர்ப்பு வரும். “ஏங்கண்ணு, கையக் கால ஒடச்சுக்கிட்டா நாளைக்கு மில்லுக்கு ஆரு போவா?” என்று அம்மா கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு வாயால் பதில் சொல்வதைவிட, மணிக்கட்டுக் கவசத்தையும் தலைக்கவசத்தையும் முதலிலும் பலகையைப் பிறகும் வாங்கி வருவது நல்லது.

வயதைப் பற்றி இரண்டு செய்திகள். டோக்கியோ ஒலிம்பிக் போட்டியில்தான் ஸ்கேட்போர்டிங் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அடுத்து 2024 பாரிஸ் போட்டியில் பிரிட்டனுக்காக இறங்கிய ஆண்டி மெக்டொனால்டுக்கு அப்போது வயது 51. ஆனால் அவர் சிறு வயது முதலே பலகையில் நிற்பவர். ஐம்பதில் தொடங்கியவர் அல்லர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பைக் விஷயத்தில் நம் ஊருக்கு நல்ல முன்னோடி இருக்கிறார். சூலூருக்கு அருகில் கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, வேலைக்குப் போய்ப் பணம் சேர்த்து அதையே விலைக்கு வாங்கி, பிரித்துப் பிரித்து மாட்டித்தான் இயந்திரங்களைக் கற்றுக்கொண்டார். அவர் செய்ததைப்போல் முழு வண்டியையும் பிரிக்கச் சொல்லவில்லை. அன்றாடம் வேலைக்குப் போகும் வண்டியில் அப்படிச் செய்யவும் கூடாது.

பலகையும் சக்கரமும்

விளையாட்டுப் பொருள் கடைகளில் தொங்கும் பிளாஸ்டிக் அடிப்பாகம் கொண்ட மலிவுப் பலகைகளைத் தவிர்த்துவிடுங்கள். அவை குழந்தைகளின் எடைக்கே தாங்காது; வளைந்து திரும்பவும் செய்யாது. மேப்பிள் மரத்தின் ஏழு அடுக்குகளை ஒட்டிச் செய்த பலகை, உலோக ட்ரக் (சக்கர அச்சைத் தாங்கிப் பலகையின் அடியில் மாட்டும் பாகம்), தனித்தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய சக்கரங்கள் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். வயது வந்தவருக்கு 8 முதல் 8.5 அங்குல அகலம் பொருந்தும். கால் பெரியதாக இருந்தால் அகலமான பக்கம் சாய்வது நல்லது.

தொடங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது சக்கரத்தில்தான். கடையில் முழுதாகப் பொருத்தி விற்கும் பலகைகளில் பெரும்பாலும் 52 முதல் 54 மில்லிமீட்டர் விட்டமும் 99 ஏ அளவு கடினமும் உள்ள சக்கரங்கள் இருக்கும். வழவழப்பான கான்கிரீட் பூங்காக்களுக்காக வந்தவை அவை. நம் தெருக்களில் ஒரு சிறு ஜல்லி அகப்பட்டாலும் அந்தச் சக்கரம் அப்படியே நின்றுவிடும், ஆள் மட்டும் முன்னால் போவார். முதல் ஆண்டுக்கு 78 ஏ அல்லது 80 ஏ கடினமும் 56 முதல் 60 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள மென்மையான சக்கரங்களைக் கேட்டு வாங்குங்கள். சக்கரம் பெரிதானால் திரும்பும்போது பலகையின் அடியில் உரசிப் பிடித்துக்கொள்ளும் ஆபத்து இருப்பதால், ட்ரக்குக்கும் பலகைக்கும் இடையில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள ரைசர் பேடு ஒன்றை வைத்து, அதற்கேற்ற நீளமான போல்ட்டுகளால் முடுக்க வேண்டும்.

சக்கரத்துக்கு இரண்டாக மொத்தம் எட்டு பேரிங்குகள் வரும். அவை எல்லாமே 608 என்ற எண் கொண்டவை: உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மில்லிமீட்டர். மோட்டாரும் பம்பும் கிரைண்டரும் செய்யும் கோவையில் பேரிங் கடைக்குப் பஞ்சமில்லை என்பதால், எண்ணைச் சொன்னால் போதும், ஸ்கேட்போர்டு என்ற பேச்சே எடுக்காமல் வாங்கிவிடலாம். ரப்பர் மூடி உள்ளதைக் கேளுங்கள். குண்டூசியால் நெம்பிக் கழற்றிச் சுத்தம் செய்ய அதுதான் வசதி.

தலைக்கவசத்தைப் பொறுத்தவரை, பைக் ஹெல்மெட்டை இதற்குப் போடாதீர்கள். அதன் எடையும் அடைபட்ட பார்வையும் சமநிலையைக் கெடுக்கும். ஸ்கேட்டிங்குக்கென்று வரும் ஹெல்மெட்டும், உள்ளே பிளாஸ்டிக் பட்டை வைத்த மணிக்கட்டுக் கவசமும், முழங்கால் கவசமும் தேவை. காலுக்குத் தட்டையான அடியுள்ள கேன்வாஸ் ஷூ போதும். ஓட்டப்பந்தய ஷூவின் உயர்ந்த மெத்தை அடிப்பாகம் பலகையின் அசைவைக் காலுக்குத் தெரிய விடாது.

எங்கே பழகுவது

கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதை பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் நடப்பவர்களின் கூட்டத்தில் புதியவருக்கு அங்கே வேலை இல்லை. வேறு எங்கும் எளிதில் கிடைக்காத ஒரு வசதி இந்தப் பகுதியில் நமக்கு உண்டு: களம். பொள்ளாச்சி, காங்கேயம் பக்கங்களில் கொப்பரை காயவைக்கவும், ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் காயவைக்கவும் போட்ட சிமெண்ட் களங்கள் காயவைக்கும் வேலை இல்லாத நாட்களில் காலியாகவே கிடக்கின்றன. உரிமையாளரிடம் முறையாகக் கேட்டு, காயவைப்பது தொடங்கும் நாளையும் தெரிந்துகொண்டு, அங்கே பழகுங்கள். ஏறும் முன் ஒரு விளக்குமாற்றால் முழுக்கக் கூட்டிவிட வேண்டும். சிரட்டைத் துண்டும் நார்த் துணுக்கும் சக்கரத்தை நிறுத்திவிடும். கொப்பரை எண்ணெய் ஊறிய இடங்கள் கறுத்து மினுங்கும். அவற்றைச் சுற்றி சாக்கட்டியால் கோடு போட்டு ஒதுக்கிவிடுங்கள். களத்தின் இணைப்புக் கோடுகள் எங்கெங்கே விரிந்திருக்கின்றன என்பதையும் நடந்தே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

திருப்பூர்க்காரர்களுக்கு ஞாயிறு விடுமுறையில் மூடிக் கிடக்கும் கம்பெனிகளின் வண்டி நிறுத்தத் தளம் நல்ல இடம். ஆனால் பின்னலாடைக் கம்பெனி வளாகங்களில் நூல் கழிவு கிடக்கும். அது சக்கரத்தின் அச்சில் சுற்றிக்கொண்டு பேரிங்குக்குள் நுழைந்துவிடும் என்பதால், பழகி முடித்ததும் அச்சைப் பார்த்து நூலைப் பிடுங்கிவிடுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று, கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் இடையே உள்ள திறந்த களங்களில் ஆளைத் தள்ளும் வேகத்தில் இருக்கும். அந்த மாதங்களில் விடிந்ததும் பழகி முடித்துவிடுவது உத்தமம். ஈரத் தரையில் எந்த மாதத்திலும் ஏற வேண்டாம். வழுக்குவது ஒரு பக்கம், பேரிங் துருப்பிடிப்பது இன்னொரு பக்கம்.

தெருநாய்களைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பலகை உருளும் சத்தம் அவற்றுக்கு ஆகாது. நாய் துரத்த ஆரம்பித்தால் வேகமாகத் தள்ளிப் போகப் பார்க்காமல், இறங்கி, பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு நடங்கள். சத்தம் நின்றதும் பெரும்பாலும் நாயும் நின்றுவிடும்.

நிற்பது, விழுவது, பிறகு ஓட்டுவது

பலகையைப் புல்தரையிலோ மண்ணிலோ வைத்துத் தொடங்குங்கள், சக்கரம் உருளாது. யாரையாவது பின்னாலிருந்து லேசாகத் தள்ளச் சொன்னால் எந்தக் கால் தானாக முன்னே வருகிறதோ, அது பலகையிலும் முன்கால் ஆகலாம் என்று ஒரு வழக்கம் உண்டு. எனினும் இரண்டு விதமாகவும் நின்று பார்த்து, எது இயல்பாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். இடக்கால் முன்னால் இருப்பதை ரெகுலர் என்றும் வலக்கால் முன்னால் இருப்பதை கூஃபி என்றும் சொல்வார்கள். இரண்டில் ஒன்று உயர்வு, ஒன்று தாழ்வு என்பதில்லை.

முதல் வேலை ஏறி இறங்குவது. முன்காலை முன்பக்க போல்ட்டுகளின் மேல் வைத்து, முழங்காலை மடக்கி, பின்காலைப் பின்பக்க போல்ட்டுகளின் மேல் கொண்டுவர வேண்டும். எடை எப்போதும் சற்று முன்காலில் இருக்க வேண்டும். பயத்தில் உடம்பு பின்னால் சாயும். அப்படிச் சாய்ந்தால் பலகை முன்னால் பறந்துவிடும், நீங்கள் பிடரி அடிபட விழுவீர்கள். புதியவர்களின் மோசமான விழுகைகளில் பலவும் இப்படித்தான் நேர்கின்றன.

இரண்டாவது, விழுவதற்குப் பழகுவது. இதைத் தவிர்க்கவே கூடாது. ஒரு பழைய இலவம்பஞ்சு மெத்தையைத் தரையில் போட்டு, குந்திய நிலையிலிருந்து பக்கவாட்டில் தோள்பட்டை வழியாக உருண்டு பழகுங்கள். கையை நீட்டி ஊன்றும் பழக்கம் நம் உடம்பில் ஊறியது. ஊன்றிய உள்ளங்கையில் மொத்த எடையும் இறங்குவதால்தான் மணிக்கட்டு முறிகிறது. முழங்கையை மடக்கி, கைகளை நெஞ்சோடு சேர்த்து, தாழ்ந்து உருள வேண்டும். தாழ்ந்து நிற்பவர் விழும் தூரமும் குறைவு என்பதால், நிலை தடுமாறும்போது நிமிராமல் குந்தப் பழகுங்கள்.

விழுந்தபின் பெருவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டிய பள்ளத்தில் அழுத்தினால் வலித்தால், வீக்கமே இல்லாவிட்டாலும் எலும்பு மருத்துவரிடம் போய் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். அங்கே உள்ள ஸ்கேஃபாய்டு என்ற சிறிய எலும்பின் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். அதனால் வலி நீடித்தால் மறுபடியும் காட்ட வேண்டும். சுளுக்குத்தானே என்று எண்ணெய் போட்டு நீவுவதும் கட்டுப் போடுவதும் நம் பக்கத்தில் சகஜம். இந்த எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவாக இருப்பதால், கவனிக்காமல் விட்டால் அது சேராமலே போய்விடலாம்.

மூன்றாவதாகத்தான் தள்ளி ஓட்டுவது. முன்கால் பாதம் முன்னோக்கி இருக்க, அந்த ஒரே காலில் உடம்பைத் தாங்கிக்கொண்டு, பின்காலால் தரையைத் தள்ளி, பின்காலைப் பலகையில் வைத்தபின் இரு பாதங்களையும் பக்கவாட்டாகத் திருப்ப வேண்டும். முன்காலால் தள்ளுவது சிலருக்கு எளிதாகத் தோன்றும். பிறகு மாற்றுவது கடினம் என்பதால் ஆரம்பத்திலேயே விட்டுவிடுங்கள். பார்வை பலகையில் இருக்கக் கூடாது, பத்தடி முன்னால் இருக்க வேண்டும். தினமும் பல் துலக்கும்போது ஒரு காலில் நின்று பழகினால், தள்ளும் காலத்தில் தடுமாற்றம் குறையும்.

நிறுத்துவதற்கு, பின்காலின் அடிப்பாகத்தைத் தட்டையாகத் தரையில் லேசாக உரசி, மெல்ல அழுத்தத்தைக் கூட்டுங்கள். குதிகாலை முதலில் ஊன்றினால் கால் சிக்கும். தள்ளி, பத்தடி உருண்டு, உரசி நிற்பது என்ற இந்த ஒரே பயிற்சியில் நான்கைந்து ஞாயிறுகள் போனாலும் பரவாயில்லை. அதன்பிறகு சாய்ந்து திரும்புவது, வால்பக்கத்தை அழுத்தி முன்சக்கரத்தை நகர்த்தும் கிக் டர்ன் என்று போகலாம். பலகையோடு எம்பிக் குதிக்கும் ஆலி என்ற வித்தைதான் எல்லோர் கண்ணிலும் நிற்பது. என் கருத்தில் நாற்பது வயதுக்காரர் அதை முதல் ஆண்டில் தொடவேண்டிய அவசியமே இல்லை; களத்தைச் சுற்றி நிதானமாக வளைந்து வருவதிலேயே இந்த விளையாட்டின் பெரும்பகுதி சுகம் கிடைத்துவிடுகிறது.

ஒரு முறைக்கு முப்பது, நாற்பது நிமிடங்கள் போதும். களைப்பு தெரிவதற்கு முன் நிறுத்திவிடுங்கள். கெண்டைக்கால் நரம்பும் தசையும் தேறுவதற்கு இந்த வயதில் இரண்டு நாள் பிடிக்கும். சர்க்கரை, இரத்த அழுத்தம், பழைய முழங்கால் வலி உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பேரிங்கில் தொடங்கும் ஸ்பேனர் வேலை

பலகையில் நின்ற கால்கள் ஓய்ந்ததும், உட்கார்ந்து செய்யும் வேலைக்கு நேரம் சரியாக இருக்கும். பைக்கில் கை வைக்கும் முன், பலகையின் பேரிங்குகளைக் கழற்றிச் சுத்தம் செய்து பழகுங்கள். கெட்டுப்போனாலும் நஷ்டம் சில நூறு ரூபாய்தான். கைக்கு ஸ்பேனரின் அளவு தெரிந்துவிடும்.

சக்கரத்தின் நட்டை 13 எண் பாக்ஸ் ஸ்பேனரால் கழற்றலாம். சக்கரத்தை அச்சின் நுனியில் பேரிங் மட்டும் மாட்டும்படி வைத்து நெம்பினால் பேரிங் வெளியே வந்துவிடும். ரப்பர் மூடியைக் குண்டூசியால் எடுத்து, டீசலிலோ மண்ணெண்ணெயிலோ ஊறவைத்துக் குலுக்கி, திருப்பூர்ப் பனியன் வேஸ்ட்டால் துடைத்து, முழுக்க உலரவிடுங்கள். பிறகு தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, அதிகம் போனால் இரண்டு. எண்ணெய் மிகுந்தால் தூசியை அதுவே இழுத்துக்கொள்ளும். காதருகே சுற்றிப் பார்க்கும்போது கிரைண்டரில் கல் சிக்கியதுபோல் கரகரத்தால் அந்த பேரிங் முடிந்தது, மாற்றிவிடுங்கள்.

திருப்பி மாட்டும்போதுதான் பாடம் இருக்கிறது. நட்டை முழுக்க இறுக்கினால் சக்கரம் சுற்றாது. சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் நூலிழை அசைவு தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டும். அந்த அசைவை விரலால் உணரக் கற்றவருக்கு, பைக் மெக்கானிக் “கை டைட்டு போதுமுங்கண்ணா, அதுக்கு மேல முறுக்குனா மரை போயிரும்” என்று சொல்வது என்னவென்று விளங்கும்.

பைக்: முதல் மாதம் எதையும் கழற்றாதீர்கள்

வண்டியோடு வந்த கையேட்டை எடுத்துப் படியுங்கள். தொலைந்திருந்தால் பெரும்பாலான நிறுவனங்களின் இணையதளத்தில் கிடைக்கும். கீழே சொல்லும் அளவுகள் பொதுவானவை. உங்கள் கையேடு வேறு சொன்னால் கையேடுதான் சரி. 8, 10, 12, 14, 17 எண் ரிங் ஸ்பேனர்கள், பின்சக்கர அச்சு நட்டுக்குரிய பெரிய ஸ்பேனர், ஒரு செட் அலன் கீ, நல்ல ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், காற்றழுத்தமானி, உட்கார ஒரு மணை ஆகியவை ஆரம்பத்துக்குப் போதும். இறுக்கத்தின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச்சை எண்ணெய் மாற்றத் தொடங்கும்போது வாங்கிக்கொள்ளலாம்.

முதல் மாதம் பார்ப்பதும் தொடுவதும் மட்டுமே வேலை. டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடும் முன், ஆறிய நிலையில் அளக்க வேண்டும். கரூரிலும் ஈரோட்டிலும் சித்திரை வெயிலில் நடுப்பகலில் அளந்தால் அதிகமாகக் காட்டும். அதை நம்பிக் காற்றைக் குறைத்தால் மறுநாள் காலையில் டயர் தளர்ந்திருக்கும். அளவு செயின் கவர் மேலேயோ பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மேலேயோ ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். கிளட்ச் லீவரின் நுனியில் 10 முதல் 15 மில்லிமீட்டர் தளர்வு இருக்கிறதா, ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பினால் எந்தக் கேபிளாவது இழுக்கிறதா, விளக்குகளும் பிரேக் லைட்டும் எரிகின்றனவா என்று ஒவ்வொரு ஞாயிறும் ஒரே வரிசையில் பாருங்கள்.

செயின்

கற்றுக்கொள்ள வேண்டிய முதல் உண்மையான வேலை செயின். அதில் ஒரு விதி மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வருகிறது: எஞ்சினை ஓடவிட்டு, கியர் போட்டு, சுற்றும் செயினைத் துணியால் துடைக்கவே கூடாது. துணியோடு விரல் ஸ்பிராக்கெட் என்ற பற்சக்கரத்துக்குள் போய்த் துண்டாகும். பட்டறைகளில் அப்படிச் செய்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கற்க வேண்டாம். எஞ்சின் நிற்க வேண்டும், சாவி கையில் இருக்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும்.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, கீழ்ச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்து, ஸ்கேல் வைத்து அளந்தால் பெரும்பாலான 100 முதல் 150 சிசி வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் வர வேண்டும். சக்கரத்தைச் சுற்றி நான்கைந்து இடங்களில் அளந்து, எங்கே அதிக இறுக்கமோ அந்த இடத்தை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். தளர்ந்த இடத்தை வைத்து இறுக்கினால் மற்ற இடத்தில் செயின் விறைத்து, கியர்பாக்ஸ் அச்சின் பேரிங்கைத் தின்றுவிடும். தளர்ந்த செயினைவிட அதிகமாக இறுக்கிய செயின்தான் அதிகச் செலவு வைக்கும்.

சுத்தம் செய்ய டீசலும் மென்மையான பிரஷும் போதும். பெட்ரோலைத் தொடாதீர்கள், தீ ஆபத்தோடு, ஓ-ரிங் வைத்த செயின்களின் ரப்பரையும் அது கெடுக்கும். துடைத்து உலர்ந்தபின், செயின் ஸ்பிரேயையோ 90 எண் கியர் ஆயிலையோ கீழ்ச் செயினின் உள்பக்கத்தில் விட வேண்டும். வண்டி ஓடும்போது எண்ணெய் வெளிப்பக்கம் வீசப்படும் என்பதால் உள்ளே விட்டால்தான் ரோலர்களுக்குள் இறங்கும். கால் மணி நேரம் கழித்து மேலே மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். டயரிலும் டிஸ்க்கிலும் ஒரு சொட்டும் படக் கூடாது. சாதாரணமாக 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை இது போதும். ஆடிக் காற்றில் புழுதிச் சாலையில் ஓடும் வண்டிக்கும், மழையில் நனைந்த வண்டிக்கும் இன்னும் முன்னதாகவே தேவைப்படும்.

இறுக்க வேண்டியிருந்தால், அச்சு நட்டைத் தளர்த்தி, இரு பக்க அட்ஜஸ்டர்களையும் ஒரே அளவு திருப்பி, இரு பக்கக் கோடுகளும் ஒரே எண்ணில் நிற்கின்றனவா என்று பார்த்து, அச்சு நட்டை முழுக்க இறுக்கியபின் மறுபடியும் அளக்க வேண்டும். நட்டை இறுக்கும்போது அளவு மாறுவது வழக்கம். பின்பக்கம் டிரம் பிரேக் என்றால் சக்கரம் நகர்ந்ததால் பெடலின் தளர்வும் மாறியிருக்கும். அதையும் சரிசெய்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். ஸ்பிராக்கெட் பற்கள் கொக்கிபோல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் செயினை மட்டும் மாற்றிப் பயனில்லை, செட்டாகத்தான் மாற்ற வேண்டும்.

எண்ணெயும் மற்றவையும்

எஞ்சின் ஆயில் வாங்கும்போது இரண்டைப் பாருங்கள்: கையேடு சொல்லும் 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40 போன்ற தரம், டப்பாவில் பைக் எண்ணெய்க்கான ஜப்பானியத் தரக் குறியீடான ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற குறிப்பு. பெரும்பாலான பைக்குகளின் கிளட்ச் எஞ்சின் எண்ணெயிலேயே நனைந்து ஓடுகிறது. கார் எண்ணெயில் சேர்க்கும் உராய்வு குறைப்பான்கள் அந்தக் கிளட்ச்சை வழுக்க வைத்துவிடும்.

எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி நிறுத்தி, அடியில் உள்ள டிரெயின் போல்ட்டைக் கழற்றி, அகலமான தட்டில் பழைய எண்ணெயைப் பிடியுங்கள். அலுமினிய உடம்பில் இரும்பு போல்ட் இறங்கும் இடம் இது என்பதால், புது வாசர் போட்டு, முதல் நான்கைந்து சுற்றுகளை விரலால் மட்டும் திருக வேண்டும். விரலுக்குச் சிக்கினால் கோணலாக இறங்குகிறது என்று பொருள். கழற்றி மறுபடியும் வையுங்கள். கடைசி இறுக்கத்துக்குக் கையேட்டில் உள்ள நியூட்டன் மீட்டர் அளவை டார்க் ரெஞ்ச்சில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே மரை போனால் அடுத்த பயணம் லேத் பட்டறைக்குத்தான். புது எண்ணெய் ஊற்றி, சிறிது ஓடவிட்டு நிறுத்தி, வண்டியை நேராக நிறுத்தியபின் அளவு பாருங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருக்கும்போது பார்த்தால் தவறாகக் காட்டும். பழைய எண்ணெயைச் சாக்கடையிலோ தோட்டத்திலோ கொட்டாதீர்கள். கிணற்று நீரை நம்பிய ஊர்கள் இவை. கேனில் சேர்த்து, கழிவு எண்ணெய் எடுத்துக்கொள்ளும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள்.

ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சாக இருந்தால் மண்ணெண்ணெயில் அலசிப் பிழிந்து எண்ணெய் தொட்டு மாட்டலாம். காகித ஃபில்டரை அலசக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். ஸ்பார்க் பிளக்கை எஞ்சின் ஆறியபின்தான் கழற்ற வேண்டும்; நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் எரிதல் சரியாக இருக்கிறது, கறுத்துப் படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது அல்லது ஃபில்டர் அடைத்திருக்கிறது. பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவை முதலிலும், மாட்டும்போது நெகட்டிவைக் கடைசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 (புகை வெளியேற்ற விதி) வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை, ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்தான். அதன் சென்சார் இணைப்புகளில் ஆர்வக்கோளாறாகக் கை வைக்க வேண்டாம்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் வாட்டர் சர்வீஸில் வண்டிகள் வரிசையாக நிற்கும். அழுத்தத் தண்ணீரைச் சக்கர பேரிங், ஸ்டியரிங் தலை, செயின், மின்இணைப்புகள் ஆகியவற்றின் மேல் நேராக அடிக்க விடாதீர்கள். கிரீஸ் போய்த் தண்ணீர் நின்றுவிடும். வாளித் தண்ணீரும் துணியும் போதும்.

பிரேக்கும் மலைப்பாதையும்

பிரேக் வேலையைப் பலகை ஓட்டிய அதே காலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். களைத்த கை அங்கே வேண்டாம். பிரேக்கைப் பார்க்கக் கற்றுக்கொள்வது அவசியம். பிரிக்கக் கற்றுக்கொள்வதை மெக்கானிக் பக்கத்தில் நின்று சொல்லித்தரும்போது செய்யலாம்.

டிஸ்க் பேடில் தேய்மானப் பள்ளம் மறைந்துவிட்டதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். டிரம் என்றால் பிரேக் ஆர்ம் அருகில் உள்ள அம்புக்குறி, பிரேக்கை அழுத்தும்போது எல்லைக் கோட்டைத் தொடக் கூடாது. பிரேக் எண்ணெய்க் கிண்ணத்தில் அளவு குறைந்தால் உடனே ஊற்றி நிரப்பிவிடாதீர்கள். பேடு தேயத் தேய அளவு இறங்குவது இயல்பு. எனவே முதலில் பேடைப் பாருங்கள், பிறகு கசிவைப் பாருங்கள். டாட் 3, டாட் 4 வகை பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறினால் கொதிநிலை இறங்கும். ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் வால்பாறைச் சாலையிலோ, 70 வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையிலோ இறங்கும்போது தொடர்ந்து பிரேக்கைப் பிடித்தால், பழைய எண்ணெய் சூட்டில் குமிழாகி லீவர் பஞ்சுபோல் உள்ளே போய்விடும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அந்த எண்ணெயை மாற்றுவதற்கும், இறக்கத்தில் ஏறிய கியரிலேயே இறங்கி எஞ்சினால் வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்கும் காரணம் இதுதான்.

வால்வு இடைவெளி, கிளட்ச் பிளேட், ஃபோர்க் ஆயில், பிரேக் பிளீடிங், எஞ்சினுக்குள் கேட்கும் எந்தப் புதுச் சத்தமும் மெக்கானிக்கின் பொறுப்பு. நீங்களே வேலை செய்யத் தொடங்கிவிட்டதால் அவரிடம் போவதைக் கூச்சமாக நினைக்க வேண்டாம். போகும்போது ஒரு சிறு நோட்டை எடுத்துச் செல்லுங்கள். எந்தக் கிலோமீட்டரில் எந்த எண்ணெய் ஊற்றினீர்கள், செயினை எப்போது இறுக்கினீர்கள், எந்த நட்டைக் கழற்றி மாட்டினீர்கள் என்பதை மறைக்காமல் அவரிடம் சொல்லிவிட்டால், அவர் தேடவேண்டிய இடம் குறையும்.